வினைமுதல் இல்லாச் செய்திகள்: குடிமை உரிமைகளும் தமிழ் இதழ்மொழியும்

ஒரு தொழில் நிகழ்வதற்கு எட்டுக் கூறுகள் துணை நிற்கின்றன என்பது தொல்காப்பியர் வேற்றுமை மயங்கியலில் கூறும் கருத்தாகும். வினை, அதனைச் செய்யும் முதல், செயப்படுபொருள், நிலம், காலம், கருவி என்னும் ஆறோடு, இன்னதற்கு என்பதும் இது பயனாக என்பதும் சேர எட்டாகும். குடம் வனையும் குயவனைக் கொண்டு இதனை விளக்குதல் உரைமரபு. நன்னூலார் பின்னிரண்டையும் விடுத்து, வினைச்சொல் தரும் பொருளை ஆறாகச் சுருக்குவார். யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்று இதழியல் பாடநூல்கள் மாணவர்க்குக் கற்பிக்கும் ஆறு வினாக்களும் ஏறத்தாழ இவற்றுள் அடங்கிவிடுகின்றன.

தொல்காப்பியர் இவ்வளவில் நிற்கவில்லை. இவ்வெட்டும் எல்லாத் தொடரிலும் வந்தே தீரவேண்டும் என்பதில்லை. வழக்கில் குறையத் தக்கன குறையும் என்று உடனடியாக ஒரு விலக்கும் தருகின்றார். இயல்பான பேச்சில் இவ்விலக்கு நியாயமானதே. "மழை பெய்தது" என்பவனிடம் வினைமுதலின் முகவரியை எவரும் கேட்பதில்லை. ஆயின் அரசின் படையினர் ஒரு குடிமகனைக் கொல்லும்போது, அதனைக் கூறும் தொடரில் எது குறையலாம், எது குறையலாகாது? குறைப்பவர் யார்? இவ்வினாக்களைத் தமிழ்ச் செய்தித்தாள்களின் மொழியிடம் எழுப்பிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குடிமை உரிமைகள் குறித்து ஊடகங்கள் போதிய அளவு பேசுவதில்லை என்னும் குறை புதிதன்று. அக்குறை பெரும்பாலும் வெளிவராத செய்திகளைப் பற்றியதாகவே அமைகிறது. நம் பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளில் நிகழும் இதழியல் ஆய்வுகளோ வெளிவந்த செய்திகளை வகைப்படுத்தி எண்ணுவதில் நிறைவு காண்கின்றன. அரசியற் செய்தி இத்தனை விழுக்காடு, குற்றச் செய்தி இத்தனை விழுக்காடு என்னும் அட்டவணைகள் ஆய்வேட்டின் பக்கங்களை நிரப்புகின்றன. வெளிவந்த செய்திக்குள்ளேயே இருக்கும் இன்மையை அட்டவணை காட்டாது. அதனைக் காட்ட வல்லது இலக்கணம். ஆகவே இப்பணி ஊடகவியல் துறைக்கு மட்டும் உரியதன்று, நமக்கும் உரியது.

'உடன்' என்னும் சொல்லுருபு

"போலீசாருடன் நடந்த மோதலில் பிரபல ரவுடி சுட்டுக் கொல்லப்பட்டார்." இத்தொடர் குறிப்பிட்ட ஓர் இதழிலிருந்து எடுத்ததன்று. ஊரும் பெயரும் நாளும் மட்டும் மாற, தமிழ் நாளிதழ் படிப்போர் அனைவரும் பலமுறை கண்டிருக்கும் வாய்பாடு இது.

'கொல்லப்பட்டார்' என்பது செயப்பாட்டு வினை. செயப்பாட்டு வினையில் வினைமுதல் மறைந்தே தீரும் என்று கருதுவது பிழை. அது மூன்றாம் வேற்றுமை ஏற்று, 'காவலரால்' என வெளிப்படையாக நிற்க இடமுண்டு. மேற்காட்டிய தொடரிலும் காவலர் மூன்றாம் வேற்றுமையிலேயே நிற்கின்றனர். ஆனால் 'ஆல்' உருபுக்கு மாறாக 'உடன்' என்னும் சொல்லுருபு வந்துள்ளது. வினைமுதற் பொருளில் நிற்கவேண்டியவர் உடனிகழ்ச்சிப் பொருளுக்கு இடம் மாறிவிட்டார். ஒரே வேற்றுமைக்குள் நிகழும் இச்சிறு இடமாற்றத்தால் சுட்டவர், சுடப்பட்டவரோடு உடனிருந்தவர் ஆகிறார். 'மோதல்' என்னும் தொழிற்பெயரோ இருவர் ஒத்து நிகழ்த்தும் வினையைச் சுட்டுவது. மோதல் நிகழ்ந்ததா என்பது விசாரணையில் தெளியவேண்டிய செய்தியாக இருக்க, 'நடந்த' என்னும் இறந்தகாலப் பெயரெச்சம் அதனை நடந்து முடிந்த உண்மையாக்கிவிடுகிறது. 'ரவுடி' என்னும் பெயர் நீதிமன்றம் அளிக்க வேண்டிய தீர்ப்பைத் தொடரின் நடுவிலேயே அளித்துவிடுகிறது. 'பிரபல' என்னும் அடை எதற்கு என்பது எனக்கு இன்றுவரை விளங்காத ஒன்று.

நிலம், காலம், கருவி ஆகிய மூன்றும் இத்தகைய செய்திகளில் குறைவதே இல்லை என்பதும் நோக்கத்தக்கது. எந்தச் சாலை, அதிகாலை எத்தனை மணி, எவ்வகைத் துப்பாக்கி என்பன நுணுக்கமாகத் தரப்படுகின்றன. இந்நுணுக்கமே செய்திக்கு நம்பகத்தன்மையை ஈட்டித் தருகிறது. குறைவது வினைமுதல் ஒன்றே.

2014 செப்டம்பரில் மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த மராட்டிய வழக்கில் உச்சநீதிமன்றம் இத்தகைய சாவுகளின் விசாரணைக்கு 16 நெறிமுறைகளை வகுத்தது. முதல் தகவல் அறிக்கை பதிவாக வேண்டும்; நிகழ்வில் பங்கேற்ற காவலர் அல்லாத வேறு அமைப்பு புலனாய வேண்டும்; நடுவர் விசாரணை நடைபெற வேண்டும் என்பன அவற்றுள் சில. மோதல் செய்தியின் இறுதியில் "நடுவர் விசாரணை தொடங்கியதா?" என்னும் ஒரு வினாவைச் சேர்க்க எந்தச் செய்தியாளருக்கும் சிறப்புத் துணிவு தேவையில்லை. அவ்வினா அரிதாகவே இடம்பெறுகிறது.

செய்தியாளர்மீது மட்டும் பழிசுமத்துதல் முறையன்று. மாவட்டத்துப் பகுதிநேரச் செய்தியாளருக்கு அன்றாடக் குற்றச் செய்தி கிடைக்கும் வாயில் காவல் நிலையமே. நாளையும் அவர் அவ்வாயிலில் நிற்கவேண்டியவர். காவல்துறையின் குறிப்பு மாலையில் வருகிறது; பக்கம் இரவில் முடிகிறது. குறிப்பின் மொழியே செய்தியின் மொழியாகிவிடுவதற்கு இவ்விடைவெளியின் குறுக்கமும் ஒரு காரணம். எனினும் 'உடன்' என்பதனை 'ஆல்' என மாற்ற ஒரு நொடி போதும் என்பதையும் சொல்லாமல் இருக்க இயலவில்லை.

தானே மெழுகிக்கொண்ட திண்ணை

செயப்படுபொருளைச் செய்தது போலக் கூறும் மரபு ஒன்றும் வினையியலில் சொல்லப்படுகிறது. திண்ணை தானே தன்னை மெழுகிக்கொண்டது போலப் பேசும் வழக்கை உரையாசிரியர்கள் இதற்குக் காட்டுவர். வீட்டு வழக்கில் இது இனிமையானது. மெழுகியவர் யாரென்று கேட்போர்க்குத் தெரியும்.

தமிழ்நாட்டில் அண்மைக் காலத்தில் பெருகிய ஒரு செய்திவகை இம்மரபின் திரிபாக அமைந்துள்ளது. காவலில் இருப்பவர் கழிவறையில் வழுக்கி விழுகிறார், கை முறிகிறது, மாவுக்கட்டுடன் படம் வெளியாகிறது. விழுந்ததும் முறிந்ததும் தன்வினைகள். படத்தின் கீழ் நகைச்சுவைத் தொனியில் ஒரு வரி இடம்பெறுவதும் உண்டு. செய்தி எழுதுபவர், படிப்பவர், காவலர் ஆகிய மூவருக்கும் உண்மை தெரியும் என்னும் நம்பிக்கையில்தான் அந்நகை பிறக்கிறது. திண்ணை மெழுகியவர் யாரென்று இங்கும் அனைவர்க்கும் தெரியும். ஆனால் தெரிந்தது எதுவும் பதிவில் இல்லை. பதிவில் இல்லாததை நீதிமன்றத்தில் காட்ட இயலாது.

2020 ஜூன் மாதம் சாத்தான்குளத்தில் காவல்துறையால் பிடிக்கப்பட்ட தந்தையும் மகனும் அடுத்தடுத்து இறந்தனர். அவர்கள் தரையில் உருண்டதால் உட்காயம் ஏற்பட்டது என்பது காவல்துறையின் முதல் தகவல் அறிக்கை தந்த விளக்கம். இதனை அப்படியே ஏற்றிருந்தால் அதுவும் ஒரு தன்வினைச் செய்தியாக முடிந்திருக்கும். அவ்வாறு முடியாமைக்கு மக்கள் எதிர்ப்பும், உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானே முன்வந்து தலையிட்டதும், கோவில்பட்டி நீதித்துறை நடுவர் அளித்த அறிக்கையும் காரணங்கள். எல்லாவற்றினும் மேலாக, அந்நிலையத்திலேயே பணியாற்றிய பெண் காவலர் ஒருவர் நடுவரிடம் தந்த வாக்குமூலம் குறிப்பிடத்தக்கது. அடித்தவர் இன்னார் என்று அவர் கூறினார். இலக்கணச் சொல்லால் கூறுவதாயின், அப்பெண் காவலர் தொடருக்கு வினைமுதலைத் திருப்பித் தந்தார்.

செய்தித்தொடரில் வினைமுதல் இருத்தல் எதற்கு உதவும் என்று வினவுவோர்க்கு டி.கே. பாசு வழக்கு விடையாக அமையும். காவல் நிலையச் சாவுகள் பற்றி டெலிகிராஃப், ஸ்டேட்ஸ்மன், இந்தியன் எக்ஸ்பிரஸ் ஆகிய நாளிதழ்களில் 1986 ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் வெளிவந்த செய்திகளை இணைத்து, மேற்கு வங்கச் சட்ட உதவி அமைப்பின் செயல்தலைவர் உச்சநீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அக்கடிதமே மனுவாயிற்று. 1996 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. கைது செய்யும்போது பின்பற்ற வேண்டிய 11 நெறிகளை நீதிமன்றம் வகுத்தது. கைது செய்யும் காவலர் தம் பெயரும் பதவியும் தெளிவாகத் தெரியுமாறு அடையாளம் அணிந்திருக்க வேண்டும் என்பது அவற்றுள் முதல் நெறி. பத்தாண்டுச் சட்டப் போராட்டத்தின் முதற்பயன், வினைமுதலின் பெயர் தெரியவேண்டும் என்பதே! அக்கடிதத்துக்கு மூன்றாண்டு முன்னதாக அன்று, ஏழாண்டு முன்னதாகவே, 1979-இல், பீகார்ச் சிறைகளில் விசாரணையின்றி வாடியோர் பற்றிய இந்தியன் எக்ஸ்பிரஸ் கட்டுரைகள் உசைனாரா காத்தூன் வழக்குக்கு அடிப்படையாயின. நாளிதழ்ச் செய்தி சட்டத்தின் மூலப்பொருளாகக் கூடும் என்பதற்கு இவ்விரண்டும் சான்றுகள். ஒரு தமிழ்ச் செய்தித்துணுக்கை இவ்வாறு இணைத்து எழுத முனையும் ஒருவர், அதில் குற்றம்சாட்ட எவரும் இல்லாமையைக் காண்பார்.

வேளச்சேரியும் சேஷாசலமும்

தமிழகத்துக்கு வெளியே வாழும் தமிழாசிரியர்க்கு ஒரு வாய்ப்பு உண்டு. ஒரே நிகழ்வு எல்லையின் இருபுறமும் எவ்வாறு பெயரிடப்படுகிறது என்பதை அவர் காணமுடியும். இதற்கு இரு நிகழ்வுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம்.

2012 பிப்ரவரி 23 அதிகாலையில் சென்னை வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டில் இருந்த ஐவர் காவல்துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். பெருங்குடி, கீழ்க்கட்டளை வங்கிக் கொள்ளைகளில் அவர்களுக்குத் தொடர்பு உண்டென்றும், அவர்களே முதலில் சுட்டனர் என்றும் காவல்துறை கூறியது. இறந்தோரில் பெரும்பாலோர் பீகாரைச் சேர்ந்தவர்கள். 2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதியை அடுத்த சேஷாசலக் காட்டில் ஆந்திரச் செம்மரக் கடத்தல் தடுப்புப் படையினரால் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். மரம் வெட்ட வந்தோர் தாக்கியதால் சுட நேர்ந்தது என்று ஆந்திரக் காவல்துறை கூறியது. இறந்தோர் அனைவரும் தமிழகத்து வடமாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். அவர்களுள் மலைவாழ் மக்கள் பலர்.

இரண்டாம் நிகழ்வில் தமிழ் இதழ்கள் விழிப்புடன் செயல்பட்டன என்பதில் ஐயமில்லை. 'கடத்தல்காரர்' என்னும் அண்டை மாநிலக் காவல்துறையின் சொல்லை விலக்கி, 'கூலித் தொழிலாளர்', 'அப்பாவித் தமிழர்' என்னும் சொற்களை அவை ஆண்டன. சிலர் முந்தைய நாளே பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டுசெல்லப்பட்டனர் என்னும் சாட்சியத்துக்கு இடமளித்தன. 'மோதல்' என்பதற்கு மேற்கோள்குறி இடப்பட்டது. தேசிய மனித உரிமை ஆணையம் நடுவண் புலனாய்வுத் துறையின் விசாரணையைப் பரிந்துரைத்ததும் செய்தியாயிற்று. 'ஆல்' உருபு தன் இடத்துக்குத் திரும்பியது. தமிழ் இதழ்மொழிக்கு வினைமுதலைச் சொல்லும் ஆற்றல் உண்டு என்பதற்கு வேறு சான்று வேண்டா.

மூன்றாண்டு முன்னர் வேளச்சேரியில் அவ்வாற்றல் எங்கே போயிற்று? அங்கு இறந்தோர் 'வடமாநிலக் கொள்ளையர்' ஆயினர். குற்றம் மெய்ப்பிக்கப்படும் முன்னரே கொல்லப்பட்டவர்கள் என்பது இருசாரார்க்கும் பொது. பிழைப்புத் தேடி வேற்று மாநிலத்துக்குச் சென்ற எளியோர் மீது விழும் ஐயப்பார்வையும் பொது. நிகழ்வுக்குப் பின்னர்ச் சென்னையில் வாடகைக்குக் குடியிருப்போரின் விவரங்களை வீட்டு உரிமையாளர் காவல் நிலையத்தில் அளிக்க வேண்டும் என்னும் ஆணையும் வந்தது. ஒரு நகரத்தின் குடியிருப்போர் அனைவரையும் காவல் பதிவேட்டில் ஏற்றும் ஓர் ஆணை உரிமைச் சிக்கலாகப் பேசப்படாமல், பாதுகாப்பு நடவடிக்கையாகவே பெரிதும் எழுதப்பட்டது. மேற்கோள்குறி எப்போது தோன்றுகிறது என்பதனை இறந்தவரின் மொழியே முடிவு செய்கிறது என்று இதனால் கொள்ள வேண்டியுள்ளது. டில்லியிலோ பாட்னாவிலோ அமர்ந்து இவ்விரு செய்திகளையும் படிக்கும் தமிழர் எவர்க்கும் இம்முடிவு எளிதில் செரிக்கக் கூடியதன்று.

வெற்றிடமும் வாய்பாடும்

ஊடகத்தின் மௌனம் என்றவுடன் நெருக்கடி நிலையே நினைவுக்கு வருகிறது. 1975 ஜூன் 25 இரவு டில்லியில் நாளிதழ் அலுவலகங்கள் இருந்த சாலையில் மின்சாரம் நிறுத்தப்பட்டதும், ஜூன் 28-இல் இந்தியன் எக்ஸ்பிரஸ் தலையங்க இடத்தை வெறுமையாக விட்டு வெளிவந்ததும் பலமுறை எழுதப்பட்டவை. தணிக்கையாளர் விரைவில் வெற்றிடத்தையும் தடை செய்தனர். பேரிலக்கியங்களிலிருந்தும் காந்தி, தாகூர் போன்றோர் கூற்றுகளிலிருந்தும் மேற்கோள் எடுத்து அவ்விடத்தை நிரப்புதலும் கூடாது என்றனர். இலக்கிய மேற்கோளின் வலிமையைத் தணிக்கையாளர் அளவுக்கு நாம் உணர்ந்திருக்கிறோமா என்பது ஐயமே.

தமிழகத்தில் 1976 ஜனவரி 31-இல் மாநில ஆட்சி கலைக்கப்பட்ட பின்னர் இதன் கடுமை கூடியது. சென்னை மத்திய சிறையில் மிசாக் கைதிகள் தாக்கப்பட்டமை அக்காலத்தில் செய்தியாக வெளிவர இயலவில்லை. நெருக்கடி நிலை நீங்கிய பின்னர் நீதிபதி மு.மு. இஸ்மாயில் தலைமையிலான விசாரணை ஆணையமே அதனை ஆவணப்படுத்தியது. கம்பனில் தோய்ந்த அப்பேரறிஞரின் இலக்கிய நூல்களை நம் துறைகள் போற்றுகின்றன. இவ்வாணைய அறிக்கையை எடுத்துப் படிப்போர் அரியர்.

வெற்றிடத்துக்கு ஒரு நேர்மை உண்டு. இங்கு ஏதோ எடுக்கப்பட்டுள்ளது என்று அது படிப்பவர்க்குச் சொல்லிவிடுகிறது. வாய்பாட்டுச் செய்தியில் எடுக்கப்பட்டதன் சுவடும் இல்லை. தணிக்கையாளர் எவரும் இல்லாத நாள்களில், எவருடைய ஆணையும் இன்றி, அது நாள்தோறும் எழுதப்படுகிறது.

நிலம்

இதுவரை கூறியவற்றில் நிலம் குறையவில்லை. நிலமே குறையும் செய்திகளும் உள்ளன. 2000 நவம்பர் 2 அன்று இம்பாலுக்கு அருகே மாலோம் பேருந்து நிறுத்தத்தில் பத்துப் பேர் அசாம் துப்பாக்கிப் படையினரால் கொல்லப்பட்டனர். ஆயுதப்படைகள் சிறப்பு அதிகாரச் சட்டத்தை நீக்கக் கோரி இரோம் சர்மிளா தொடங்கிய உண்ணாநோன்பு 2016 ஆகஸ்டு 9 வரை நீடித்தது. அவர் 2017-இல் கொடைக்கானலில் திருமணம் செய்துகொண்டபோது, அதற்கு உள்ளூரில் எழுந்த எதிர்ப்பும் சேர்ந்து, தமிழ் இதழ்கள் பலநாள் எழுதின. தமிழ் வாசகர் பலர் அப்பெயரை முதன்முதல் அறிந்தது அப்போதே எனத் தோன்றுகிறது. பதினாறு ஆண்டு நோன்பு செய்தியாக வந்து சேராத தொலைவை, ஒரு திருமணப் பதிவு அலுவலகம் கடந்து தந்தது.

மணிப்பூரில் 1979 முதல் 2012 வரை 1,528 பேர் சட்டத்துக்குப் புறம்பாகக் கொல்லப்பட்டனர் என்று இறந்தோர் குடும்பத்தினரின் சங்கம் உச்சநீதிமன்றத்தில் முறையிட்டது. நீதிபதி சந்தோஷ் ஹெக்டே தலைமையில் நீதிமன்றம் அமைத்த குழு ஆறு நிகழ்வுகளை எடுத்து ஆராய்ந்து, 2013-இல் அறிக்கை அளித்தது. ஆறனுள் ஒன்றும் உண்மையான மோதல் அன்று என்பது அதன் முடிவு. இறந்தோருள் 12 வயதுச் சிறுவன் ஒருவனும் இருந்தான். 'மோதல்' என்னும் சொல் ஒருமுறை முறையாகச் சோதிக்கப்பட்டபோது ஆறுக்கு ஆறும் பொய்த்தது. இதற்குப் பின்னரேனும் அச்சொல் ஐயத்துடன் ஆளப்பட்டிருக்க வேண்டும்.

2023 மே 3-இல் அங்கு வன்முறை தொடங்கி, இணையம் முடக்கப்பட்டது. மே 4-இல் குக்கிப் பெண்கள் இருவர் ஆடையின்றி ஊர்வலமாக இழுத்துச் செல்லப்பட்டனர். மே 18-இல் சைகுல் காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதிவாயிற்று. நாடு அதனை அறிந்தது, காணொளி வெளியான ஜூலை 19-இல். இரண்டு மாதம் அச்செய்தி ஒரு காவல் நிலையத்தின் பதிவேட்டில் இருந்தது, செய்தித்தாளில் இல்லை. அவ்விடைக்காலத்தில் நாம் படித்த தொடர் "மணிப்பூர் பற்றி எரிகிறது" என்பது. செயப்படுபொருளைச் செய்தது போலக் கூறியதற்கு இதனினும் கொடிய எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

ஊடகங்களின் செயற்பாட்டை ஆராய இந்தியப் பத்திரிகை ஆசிரியர் சங்கம் ஒரு குழுவை மணிப்பூருக்கு அனுப்பியது. அங்குள்ள இதழ்கள் பக்கச் சார்புடன் எழுதின என்றும், இணைய முடக்கம் செய்தி சேகரிப்பைப் பெரிதும் பாதித்தது என்றும் 2023 செப்டம்பர் 2-இல் வெளியான அறிக்கை கூறியது. உடனே அக்குழுவினர்மீது வழக்குப் பதிவாயிற்று. உச்சநீதிமன்றமே அவர்களைக் கைதிலிருந்து காக்க வேண்டியிருந்தது. இதழ்களைப் பற்றிய ஒரு திறனாய்வுரை குற்ற வழக்குக்கு உரியதாயிற்று என்பதை, திறனாய்வைத் தொழிலாகக் கொண்ட நாம் போகிற போக்கில் படித்துவிட்டுச் செல்ல இயலுமா?

காலம்

செய்திக்குத் தொடக்கம் உண்டு. முடிவு பெரும்பாலும் இல்லை. நாகாலாந்தின் ஓட்டிங் சிற்றூரில் 2021 டிசம்பர் 4 மாலை, நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வீடு திரும்பிய தொழிலாளர் ஆறுபேரைப் படையினர் சுட்டுக் கொன்றனர். அதனைத் தொடர்ந்த நிகழ்வுகளையும் சேர்த்து இறந்த பொதுமக்கள் 14 பேர். தவறாக அடையாளம் காணப்பட்டதால் நேர்ந்தது என்று நாடாளுமன்றத்தில் விளக்கம் தரப்பட்டது. பிழை காண்பதில் நிகழ்ந்ததாகச் சொல்லப்பட்டதே ஒழிய, சுடுவதில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படவில்லை. இவ்வளவும் முதற்பக்கத்தில் வந்தது. படையினர் 30 பேர்மீது நாகாலாந்துக் காவல்துறை 2022-இல் குற்றப்பத்திரிகை அளித்தது. அவர்கள்மீது வழக்கு நடத்த 2023-இல் நடுவண் அரசு முன்அனுமதி மறுத்தது. 2024 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் அவ்வழக்கு நடவடிக்கைகளை முடித்துவைத்தது. இவை தமிழில் ஓரிரு பத்திகளாக வந்து மறைந்தன. முன்அனுமதி இன்றி வழக்கு நடத்தலாகாது என்பது 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆறாம் பிரிவு. நிகழ்ந்ததைப் படித்து வருந்திய வாசகர், அது ஏன் தண்டிக்கப்படவில்லை என்பதை அறிய வழியில்லாது போயிற்று.

நாளிதழ்களைக் குறைகூறும்போது வேறோர் உரைநடை வகை நினைவுக்கு வருகிறது. உண்மை அறியும் குழுக்களின் அறிக்கைகளே அவை. தெலுங்கு நாட்டில் கணிதப் பேராசிரியராக இருந்து வழக்கறிஞராகிய கே. பாலகோபால் 2009-இல் மறையும்வரை இவ்வகை எழுத்தை ஓர் உயர்நிலைக்குக் கொண்டுசென்றார். தமிழில் அ. மார்க்ஸ் போன்றோர் பங்கேற்ற குழுக்களின் அறிக்கைகள் சிறுவெளியீடுகளாக வந்து, விற்றும் விற்காமலும் மறைந்தன. நேரில் சென்ற நாள், சந்தித்தோர், கண்ட தடயம், காவல்துறை கூறிய விளக்கம், அதற்கும் கண்டதற்கும் உள்ள முரண் என்னும் வைப்புமுறை அவற்றில் காணப்படுகிறது. தொழில் முதனிலை எட்டும் குன்றாது நிற்கும் தமிழ் உரைநடை இக்காலத்தில் எங்குள்ளது என்று என்னைக் கேட்டால் இவ்வறிக்கைகளையே சுட்டுவேன். அவற்றின் நடை சிலவிடங்களில் முழக்கமாகிவிடுவதும் உண்மையே. பயண இலக்கியத்துக்கும் கடித இலக்கியத்துக்கும் பாடத்திட்டத்தில் அலகு ஒதுக்கும் நாம், இவற்றுக்கு ஒரு பக்கமும் ஒதுக்கியதில்லை. நூலகங்களில் முழுத் தொகுதியாக இவை கிடைப்பதும் அரிது. முதலில் தொகுப்புப் பணியே நடைபெற வேண்டியுள்ளது.

வாச்சாத்தி நிகழ்வு இவையனைத்தையும் ஒருங்கே காட்டுவது. 1992 ஜூன் 20-இல் தருமபுரி மாவட்டத்தின் அம்மலைவாழ் மக்கள் ஊருக்குள் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையைச் சேர்ந்தோர் புகுந்தனர். சந்தனமரக் கடத்தலைத் தடுக்கும் தேடுதல் என்பது அரசுத் தரப்பின் விளக்கம். வீடுகள் சூறையாடப்பட்டன, மக்கள் அடித்து இழுத்துச் செல்லப்பட்டனர், 18 பெண்கள் வன்கொடுமைக்கு உள்ளாயினர். இங்கு வினைமுதல் ஒருவர் இருவர் அல்லர், 269 பேர். மலைவாழ் மக்கள் சங்கத்தினரும் பொதுவுடைமைக் கட்சியினரும் ஊருக்குள் சென்று மக்களைச் சந்தித்து வெளியே கொணரும்வரை இது கடத்தல் தடுப்பு நடவடிக்கையாகவே இருந்தது. 2011 செப்டம்பர் 29-இல் தருமபுரி நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்ட அனைவரையும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் அவர்களுள் 54 பேர் இறந்துவிட்டிருந்தனர். எஞ்சிய 215 பேரின் தண்டனையைச் சென்னை உயர்நீதிமன்றம் 2023 செப்டம்பர் 29-இல் உறுதி செய்தது. பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவர்க்கும் 10 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும், நிகழ்வுக் காலத்து மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர்மீது நடவடிக்கை எடுக்கவும் ஆணையிட்டது.

முப்பத்தொரு ஆண்டுகளில் இத்தொடருக்கு வினைமுதல் கிடைத்தது. தீர்ப்பு எழுதுவதற்கு முன், அவ்வாண்டு மார்ச் 4-இல், நீதிபதி பி. வேல்முருகன் வாச்சாத்திக்கு நேரில் சென்று அந்நிலத்தைப் பார்த்து வந்தார்.